"அவங்க வந்தா ஏரியா கெட்டுப்போகுமா?" – காரைக்குடித் தோழர்களோடு கொஞ்சம் மனம்விட்டு



2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் போன்ற ஊராட்சிகளும் நகரத்தோடு சேர்ந்தன. ஊர் வளருது. மனை விலையும் ஏறுது.

இப்படி வளர்ற இடத்துல "ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடு வரப்போகுது"ன்னு ஒரு பேச்சு கிளம்பினாலே போதும், எதிர்ப்பும் கூடவே கிளம்பிடும். மனை விலை இறங்கிடும், தண்ணி பத்தாது, திருட்டு வரும், யார் யாரோ வருவாங்க... நம்ம ஆதரவாளர்கள் சிலரும் இதையே சொல்றாங்க. அதனால நம்ம நிலையை ஒளிவுமறைவில்லாம சொல்லிடுவோம்.

இந்தப் பேச்சில் ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. பிரிச்சுப் பார்க்கணும்.

முதல் விஷயம் தண்ணீர், சாக்கடை, பள்ளிக்கூடம், ரோடு. இது நியாயமான கவலை. சம்பை ஊற்றுத் தண்ணியைப் பெருமையா சொல்ற ஊர் நம்முடையது. ஆனா அதுவும் நிலத்தடி நீர்தான். மழை இறங்கினாத்தான் ஊறும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டின தெருக்களில் நாம பட்ட பாட்டையும் மறந்துடல. இந்தக் கேள்விகளைக் கேக்குறவங்களை ஏழைகளுக்கு எதிரின்னு முத்திரை குத்தாதீங்க.

ஆனா ஒண்ணை யோசிங்க. வயலையும் பொட்டலையும் பிளாட் போட்டு வித்தப்போ, அந்த வீடுகளுக்குத் தண்ணி எங்கேருந்து வரும்னு எத்தனை பேர் கேட்டோம்? ஏழைக்கு ஒரு சின்ன வீடுன்னதும் மட்டும் தண்ணி கணக்கு ஞாபகம் வருதுன்னா, பிரச்சினை தண்ணியில மட்டும் இல்ல.

அதுதான் ரெண்டாவது விஷயம். "யார் யாரோ"ங்குறோமே, யார் அவங்க? நம்ம வீட்டுக்குக் கொத்து வேலைக்கு வர்றவங்க. ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவங்க. கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுறவங்க. ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னு சேலை விரிச்சுக் காட்டுறவங்க. விடியுறதுக்கு முன்னாடி நம்ம தெருவைக் கூட்டுறவங்க. வேலைக்கு வரலாம், பக்கத்துல குடியிருக்கக் கூடாதா? இதுக்குள்ள சாதியும் ஒளிஞ்சிருக்கு. அதைச் சொல்லாம மழுப்புறது நம்ம அரசியல் இல்லை.

மனை விலைக்காக ஒருத்தரோட வீட்டைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. குடியிருக்க இடம் என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும்னு 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

நம்ம ஊருக்கு இதுல கூடுதல் அவசரமும் இருக்கு. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். ஆனா அது ஊரகப் பகுதிக்கான திட்டம். ஊரக வேலை உறுதித் திட்டமும் ஊராட்சிகளுக்குத்தான். ஊராட்சி மாநகராட்சியானா இந்த ரெண்டு வழியும் அடைபடும். கூலி வேலை செய்ற குடும்பத்துக்கு இருந்ததை எடுத்துட்டு, நகர்ப்புற வீட்டையும் "இங்க வேண்டாம்"னு தடுத்தா அவங்க எங்க போவாங்க?

அதுக்காக எங்கேயோ ஒரு மூலையில் கட்டடத்தை எழுப்பிட்டா போதும்னும் நாம சொல்லல. சென்னையைப் பாருங்க. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021-லிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தது. 2000-க்குப் பிறகு மக்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு நகரத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் இறக்கினாங்க. வேலை போச்சு. பிள்ளைங்க படிப்பு நின்னுச்சு. முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிற நிலை வந்துச்சு. ஏரியாவைக் கெடுத்தது அங்க போன மக்களா, அவங்களை அப்படிக் குவிச்ச திட்டமா?

அதே கண்ணகி நகரிலிருந்துதான் கபடி வீராங்கனை கார்த்திகா வந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைக் கேப்டன். "அந்த ஏரியா பிள்ளைங்க"ன்னு பேசினவங்களுக்கு அதுவே பதில்.

வீடு வேணாம்னு சொல்ற கூட்டத்தில் நாம நிற்க முடியாது. வீடு ஒழுங்கா வரணும்னு கேக்குற இடத்தில்தான் நிற்போம். நம்ம கோரிக்கைகள்:

1. ஒரே இடத்தில் பெரிய காலனியாகக் குவிக்காதே. சின்னச் சின்னக் குடியிருப்புகளாக, வேலையும் டவுன் பஸ்ஸும் கிடைக்கும் இடங்களில் கட்டு.

2. கண்மாய், ஊரணி, வரத்துக்கால் மேல் ஒரு செங்கல்கூட வைக்காதே.

3. குடிநீர், கழிவுநீர், அங்கன்வாடி, ரேஷன் கடை தயாரான பிறகே சாவி கொடு. அந்த வசதி சுற்றியிருக்கும் தெருக்களுக்கும் சேரட்டும்.

4. தரத்தை வெளியாட்களைக் கொண்டு சோதனை செய். 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் புதுக் குடியிருப்பில் கைபட்டதும் சிமெண்ட் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது.

5. பயனாளி பங்குத்தொகையை மொத்தமாகக் கேட்காதே. தினக்கூலிக் குடும்பம் கட்டக்கூடிய தவணையாக மாற்று.

6. இடத்தை முடிவு செய்றதுக்கு முன்னாடி, குடியேறப் போறவங்க, ஏற்கெனவே குடியிருக்கிறவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசு.

காரைக்குடிக்கு இதெல்லாம் முடியாத காரியமா? மின்வேதியியல் ஆய்வகம் இங்க வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் வள்ளல் அழகப்பர். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அறிவுக்கு நிலம் கொடுத்த ஊர், உழைக்கிறவங்களுக்கு நிலம் இல்லைன்னு சொல்லலாமா?

தோழர்களே, உங்க வார்டில் பகுதி சபை கூடும்போது கட்டாயம் போங்க. தண்ணி எங்கேருந்து வரும், கழிவுநீர் எங்க போகும்னு கேளுங்க. பதிலை எழுத்தில் கேளுங்க. அங்க யாராவது "அந்த மாதிரி ஆளுங்க வேண்டாம்"னு எழுந்தா, நீங்களும் எழுந்து நில்லுங்க. வீடு கேக்குறவங்க பக்கம் நில்லுங்க.

#காரைக்குடி #எல்லோருக்கும்_வீடு #பகுதிசபைக்குப்_போவோம்