தில்லிக் காற்றில் கணக்கில் வராத மகரந்தம்

புது தில்லி: தீபாவளியை ஒட்டிப் புகைமூட்டம் சூழ்ந்தால் தலைநகரில் உச்ச நீதிமன்றம் முதல் நாடாளுமன்றம் வரை அதுவே பேச்சாகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்படுகிறது; லாரிகள் எல்லையில் நிறுத்தப்படுகின்றன. பிப்ரவரியில் பனி விலகி, காற்றுத் தரக் குறியீடு சற்று இறங்கியதும் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. ஆனால், தும்மல், கண் அரிப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றுடன் மருத்துவரை நாடுவோரின் அடுத்த பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. அதற்குக் காரணமான மகரந்தம், அரசின் காற்றுத் தரக் குறியீட்டில் இடம்பெறுவதே இல்லை.

இரு பருவங்கள்

தில்லியில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரங்களின் மகரந்தப் பருவம். செப்டம்பர், அக்டோபரில் புற்கள், களைகளின் பருவம். வசந்தத்தில் சாலையோரம் சிவந்து பூக்கும் முள்ளிலவு மரத்தின் மீதுதான் பலருக்கும் சந்தேகம். உண்மையில், கண்ணைக் கவரும் பூக்களின் மகரந்தத்தைப் பெரும்பாலும் பறவைகளும் பூச்சிகளுமே எடுத்துச் செல்கின்றன. காற்றில் மகரந்தத்தைத் தூவுபவை எவர் கண்ணிலும் படாத சிறு பூக்கள். தில்லிவாசிகள் "பப்டி" என்றழைக்கும் ஆயா மரம், முசுக்கொட்டை, சீமைக்கருவேலம், பல வகைப் புற்கள், பார்த்தீனியம் ஆகியவை ஒவ்வாமை தருபவை என்பது நீண்டகாலமாக அறியப்பட்ட செய்தி. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதை ஆராய்ந்து வருகிறது. 1990-களில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே பல நகரங்களில் இதற்கென ஓர் ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டத்தை நடத்தியது.

ஆக, அறிவியலில் குறையில்லை. ஆய்வில் கண்டறிந்தது அன்றாட நிர்வாகத்துக்கு வந்து சேரவில்லை என்பதே குறை.

வடிகட்டப்படும் துகள்

2009-ல் வெளியான தேசிய காற்றுத் தர நெறிமுறை 12 மாசுகளைப் பட்டியலிட்டது. 2015-ல் அறிமுகமான காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கணக்கில் கொள்கிறது. இரண்டிலும் மகரந்தம் இல்லை. கண்காணிப்பு நிலையங்கள் அளப்பது 10 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களை. மகரந்தத் துகள்களோ பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. எனவே, கருவியின் வாயிலிலேயே அவை வடிகட்டப்பட்டு விடுகின்றன. குறியீடு "திருப்திகரம்" என்று காட்டும் நாளிலும் ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுத் திணறுவது இதனால்தான்.

1981-ம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டமோ, மனிதருக்குக் கேடு தரக்கூடிய அளவில் காற்றில் கலந்திருக்கும் திட, திரவ, வாயுப் பொருள் எதையும் மாசு என்கிறது. அந்த வரையறையில் மகரந்தம் விலக்கப்படவில்லை. அதை விலக்கி வைத்திருப்பது நிர்வாகப் பழக்கமே. இயற்கையாக உதிர்வதை எந்த ஆலையின் மீதும் வழக்குப் போட்டு நிறுத்த முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும், தடுக்க முடியாததை அறிவிக்கவும் கூடாது என்றாகாது. புயலைத் தடுக்க முடியாவிட்டாலும் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது.

மேலும், எல்லாம் இயற்கையின் செயல் அல்ல. தில்லியின் அரவல்லி மேட்டில் சீமைக்கருவேலத்தைப் பரப்பியது ஆங்கிலேயர் ஆட்சி. தமிழகத்தில் அதை அகற்றக் கோரி நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளை வாசகர்கள் அறிவர். 1950-களில் புணே அருகே கண்டறியப்பட்ட பார்த்தீனியம், இறக்குமதியான கோதுமையுடன் வந்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. அதேசமயம், ஆயா மரம் இம்மண்ணுக்கே உரியது. எனவே, அயல் மரங்களை வெட்டினால் போதும் என்பதும் தீர்வாகாது. லட்சக்கணக்கில் மரக்கன்று நடும் அரசுகள், எந்த மரத்தைக் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் அருகே நடுவது என்பதை மகரந்தத்தையும் எண்ணி முடிவு செய்ய வேண்டும்.

அண்டை நாட்டின் அனுபவம்

இஸ்லாமாபாத் நகரம் உருவானபோது பசுமைக்காக நடப்பட்ட காகித முசுக்கொட்டை மரங்களால், அங்கு மார்ச் மாதத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மகரந்தத் துகள்கள் பதிவான நாள்கள் உண்டு. அங்கு வானிலைத் துறையே பருவக் காலத்தில் நாள்தோறும் அந்த எண்ணிக்கையை வெளியிடுகிறது. இங்கே சண்டீகரில், பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையமும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் இணைந்து 2022-ல் அந்நகருக்கான மகரந்த நாள்காட்டியை வெளியிட்டன. எந்த மாதத்தில் எந்தத் தாவரம் என்பதை அது சொல்லும். எனினும், இன்றைய காற்றில் எவ்வளவு என்பதைச் சொல்ல அன்றாட எண்ணிக்கை வேண்டும்.

அதற்குப் பெரும் செலவும் இல்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சிப் பசைநாடாவில் துகள்களைப் படியவைக்கும் ஒரு கருவி, ஒரு நுண்ணோக்கி, பயிற்சி பெற்ற ஒருவர் போதும். பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகளே இதைச் செய்ய முடியும்.

எண்ணிக்கை தெரிந்தால் பயன் உண்டு. பருவத்துக்கு இரு வாரம் முன்பே மருத்துவர் ஆலோசனையுடன் மூக்கில் தெளிக்கும் மருந்தைத் தொடங்கலாம், மகரந்தம் மிகுந்த நாளில் சன்னல்களை மூடலாம், முகக்கவசம் அணியலாம், வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றலாம். தகவல் இல்லாதபோது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் செட்ரிசின் மாத்திரையே சிகிச்சையாகி விடுகிறது. உலக ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் நிகழ்வதாக மதிப்பிடப்படும் நிலையில் இந்த அலட்சியம் ஆபத்தானது.

வசதியுள்ளவர் சன்னலை மூடிக்கொள்வார்; காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவார். ஆட்டோ ஓட்டுநருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் பூங்காக் காவலாளிக்கும் மூட சன்னல் இல்லை. அவர்களுக்கு அரசு தரும் முன்னறிவிப்பே பாதுகாப்பு. காற்றுத் தரக் குறியீட்டுக்கு அருகில் இன்னோர் எண்ணைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இரு அமைச்சகங்களின் ஒரு முடிவு போதும்.