கர்னலில் தங்கிய பழைய டிரைவர்கள்: நீக்குவது சரி, அவகாசம் எங்கே?

ஹைதராபாத்: 2024 ஜூலை 19 அன்று ஹைதராபாத் விமான நிலையத்தில் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதப்பட்ட போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான அப்டேட்டால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதே காரணம். அந்த மென்பொருள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் இயங்கியது. அங்கு நேரும் ஒரே பிழை கணினி முழுவதையும் நிறுத்திவிடும்.

சாதனங்களை இயக்கும் டிரைவர்களுள் பலவும் கர்னலில்தான் இயங்குகின்றன. பயன்பாடு ஒழிந்த பின்னும் அவை அங்கேயே தங்கிவிடுவது ஆபத்தானது. அகீர் மோடம் டிரைவர் இதற்குச் சான்று. மோடமே இல்லாத கணினிகளிலும் விண்டோஸுடன் சேர்ந்து வந்த இந்த டிரைவரின் குறைபாட்டை ஊடுருவல்காரர்கள் பயன்படுத்தினர். இதையடுத்து, 2025 அக்டோபர் 14 அப்டேட்டில் மைக்ரோசாப்ட் அதை அடியோடு நீக்கியது. அதனை நம்பியிருந்த ஃபேக்ஸ் மோடம்கள் அந்த அப்டேட்டுடன் செயலிழந்தன.

லினக்ஸ் கர்னலில், ரெய்சர்எஃப்எஸ் என்ற பழைய கோப்பு முறைமை கைவிடப்படும் என 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான 6.13 பதிப்பில்தான் அது நீக்கப்பட்டது. தரவுகளை மாற்றிக்கொள்ளப் பயனர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கிடைத்தது.

தாக்குதல் தொடங்கிய பின் அவகாசம் தர இயலாது என்பது உண்மையே. ஆயினும், பயன்பாடு குறைந்தபோதே நீக்கத்தை அறிவித்திருந்தால் அந்த நெருக்கடி எழுந்திராது. பழைய சாதனங்களைக் கொண்டு இயங்கும் அலுவலகங்கள், அவை எந்த டிரைவரைச் சார்ந்துள்ளன என்பதை இப்போதே பட்டியலிடுவது நல்லது.