அலகில் ஒரு பெயர்

கத்தி வாங்குகிறவர்கள் கூரைப் பார்க்கிறார்கள். பிடியைப் பிடித்துப் பார்க்கிறார்கள். பிடியை ஒட்டினாற்போல் அலகில் இருக்கும் சிறு முத்திரையைப் படிப்பவர்கள் மிகச் சிலரே. ஆயினும், அந்தக் கத்திக்கு ஜவாப்தாரி யார் என்று சொல்வது அந்த முத்திரை ஒன்றுதான்.

இதன் மதிப்பை மேனாட்டார் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தில் ஷெப்பீல்டு வட்டாரத்துக் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-ஆம் ஆண்டில் பார்லிமெண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது. தொழிலாளர்களின் முத்திரைகளைப் பதிவு செய்து காப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஜெர்மனியில் ஸோலிங்கன் நகரத்துப் பீட்டர் ஹெங்கெல்ஸ் 1731-இல் பதிவு செய்த இரட்டையர் முத்திரை இன்றும் வழக்கில் இருக்கிறது.

அக்காலத்தில் எஃகைக் கடினமாக்குமுன் முத்திரையை அச்சால் அடித்துப் பதிப்பார்கள். இன்று கையால் கத்தி செய்வோரில் பலர் அதை அரித்துப் பதிக்கின்றனர். எழுத்து வடிவம் திறந்திருக்கும் மெல்லிய தாளை அலகின்மேல் ஒட்டி, உப்பு நீரில் நனைத்த கம்பளித் துண்டின் வழியே சிறிதளவு மின்சாரம் செலுத்தினால், எழுத்துள்ள இடத்தில் மட்டும் எஃகு கரையும். ஒரே திசையில் ஓடும் மின்சாரம் பள்ளம் செய்யும். திசை மாறி ஓடும் மின்சாரம் பள்ளத்தைக் கறுப்பாக்கும். சம்மட்டி அடி இல்லையாகையால் கடினமான எஃகிலும் இதைச் செய்யலாம்.

சௌகரியம் உள்ள இடத்தில் சங்கடமும் உண்டு. இந்தப் பள்ளம் மிக மெல்லியது. பளபளப்பில் ஆசை வைத்துச் சுழலும் துணிச் சக்கரத்தில் அலகைக் காட்டினால், எழுத்தின் ஓரங்கள் மழுங்கும். பிறகு எழுத்தே மறையும். விரலால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தாலும் அதே கதிதான்.

ஆகவே வேலையின் வரிசையே முக்கியம். கீறல்கள் யாவற்றையும் முதலில் தேய்த்துப் போக்கிவிட வேண்டும். கடைசித் தேய்ப்பு ஒன்றே பாக்கி நிற்கும்போது முத்திரையைச் சற்று ஆழமாகவே அரிக்க வேண்டும். உடனே சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைக்க வேண்டும். இல்லையேல் உப்பு துருவுக்கு வித்தாகும். பின்னர், மிக நேர்த்தியான உப்புத்தாளைக் கெட்டியான சமதளக் கட்டையில் சுற்றி, நீளவாக்கில் சில இழுப்பு இழுத்தால் போதும். கட்டை பள்ளத்தில் இறங்காது. சுற்றியுள்ள கறை நீங்க, எழுத்து மட்டும் நிற்கும்.

ஜப்பானியரிடம் ஒரு பாடம் உண்டு. வாளைச் செய்தவன் தன் பெயரைப் பிடிக்குள் மறையும் வாற்பகுதியில் உளியால் வெட்டுகிறான். அலகைக் கண்ணாடிபோல் மெருகிடும் தொழிலாளி அந்தப் பகுதியை மட்டும் தொடுவதில்லை; அங்கே படிந்த துருவையும் நீக்குவதில்லை. வாளின் வயதுக்கு அத்துருவும் ஒரு சாட்சி. வாளைக் குறுக்க நேர்ந்தபோது, பெயருள்ள துண்டைத் தனியே எடுத்துப் புதிய வாற்பகுதியில் பதித்து வைத்ததும் உண்டு.

வீட்டிலுள்ளோருக்கும் இதில் பங்கு உண்டு. செங்கற்பொடியும் கம்பி நாரும் கறையைப் போக்கும். பெயரையும் கூடவே போக்கும். மெல்லிய துணியால் கழுவி, ஈரம் துடைத்து, துளி எண்ணெய் தடவி வைத்தால் போதும். சாணைக்குக் கொடுக்கும்போது கூரை மட்டும் தீட்டச் சொல்லுங்கள்.

மங்கிய பளபளப்பை எவரும் மீண்டும் வரவழைக்கலாம். அழிந்த பெயரைத் திரும்ப எழுத, அதற்குரியவன் ஒருவனுக்கே பாத்தியதை உண்டு. அவனோ என்றும் நம்மோடிருக்கப் போவதில்லை.