கதவருகே ஒரு கறுப்புக் கோலி

பெட்டி ஒன்று சுற்றி வருகிறது. அவையில் வீற்றிருப்போர் ஒவ்வொருவராக அதனுள் கைவிடுகின்றனர். வெள்ளைக் கோலியோ கறுப்புக் கோலியோ ஒன்றைப் போடுகின்றனர். எவர் எதனைப் போட்டார்? அருகிலிருப்பவரும் அறியார். பெட்டி திறக்கப்படுகிறது. எல்லாம் வெள்ளையெனில், வெளியே காத்திருப்பவர் இனி உடன்பிறந்தார்! கறுப்பு விழுந்துவிட்டதோ, வந்த வழியே திரும்ப வேண்டியவர்! ஏன் என்று கேட்க அவருக்கு உரிமையில்லை. இன்னதற்காக என்று சொல்ல எவருக்கும் கடமையில்லை.

பிரீமேசன் என்னும் அமைப்பு ஆள் சேர்க்கும் முறை இது, தோழர்களே! அதன் கிளை மன்றத்துக்கு லாட்ஜ் என்று பெயர். வெளியூர் சென்றால் நாம் அறை எடுக்கும் லாட்ஜ் அன்று. பண்டைக் கல்தச்சர்கள் வேலைத்தளத்தருகே போட்டுக்கொண்ட கொட்டகையின் பெயர் அது. கல்லையும் உளியையும் தொட்டறியாத கனவான்கள் பிற்காலத்தில் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டனர். 1717இல் இலண்டனின் நான்கு மன்றங்கள் ஒரு மதுக்கடையிலே கூடித் தலைமை மன்றம் கண்டன என்பது அவர்கள் கூறும் வரலாறு. 1723இல் ஆண்டர்சன் என்பார் தொகுத்த சட்டநூலும் வெளிவந்தது.

எதிரியாயினும் ஏற்கத்தக்கதை ஏற்பது அறிவுடையோர் கடன். இவர்களோ நமக்கு எதிரிகளுமல்லர். எனவே, ஏற்றமிகு பகுதியை முதலில் பார்ப்போம்.

சேர விரும்புகிறவன் தானே வந்து கேட்கவேண்டும் என்பது பழைய மரபு. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், அதன்பின் விசாரணை, அதன்பின் கோலி. தேறியவனது கண் கட்டப்படும். காசும் மோதிரமும் கழற்றி வைக்கப்படும். கோடீசுவரனும் வெறுங்கையன், குமாஸ்தாவும் வெறுங்கையன்! நம்மூர்க் கட்டட வேலையில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி என்றிருப்பதுபோல அங்கேயும் மூன்று படிகள். மூலைமட்டமும் கவராயமும் அவர்களது சின்னங்கள். மட்டம் பார்க்கும் கருவியைக் காட்டி, மனிதர் யாவரும் ஒரே மட்டம் என்று பாடம் சொல்கிறார்கள்.

தலைவர் கிழக்கே அமர்வார். மேற்கிலும் தெற்கிலும் துணைவர் இருவர். பொருளாளர், செயலாளர் உண்டு. கதவுக்கு வெளியே வாளேந்திய காவலர். தலைமை மன்றத்தின் சாசனமின்றிக் கிளை கூடலாகாது. தலைவரை உறுப்பினரே ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பர். தவணை முடிந்ததும் நாற்காலியை விட்டு இறங்கி வரிசையிலே அமர்வார். நேற்றைய தலைவர் இன்று வாயிற்காவலராய் வாளேந்தி நிற்பதும் உண்டு! பதவி என்பது தோளில் கிடக்கும் துண்டேயன்றித் தோலோடு ஒட்டியதன்று என்பதை இதனினும் தெளிவாய்க் காட்டுவதெங்ஙனம்?

உள்ளே இத்துணை சமத்துவம். வாசலிலே?

1723ஆம் ஆண்டுச் சட்டநூலே வாசலில் வேலியிட்டது: அடிமைக்கு இடமில்லை; பெண்ணுக்கு இடமில்லை; பிறக்கும்போதே சுதந்திரனாய்ப் பிறந்திருக்கவேண்டும். அடிமைத்தளையை அறுத்தெறிந்து வந்தவனுக்கும் கதவு திறவாது! 'சுதந்திரனாய்ப் பிறந்தவன்' என்பதைச் 'சுதந்திர மனிதன்' என்று இங்கிலாந்து திருத்தியது 1847இல்தான்.

பாஸ்டன் நகருக்கு வாருங்கள். விடுதலை முழக்கம் விண்ணைப் பிளந்த ஊர். அதனை முழக்கியோரில் பிரீமேசன்கள் பலர். அவ்வூரில் பிரின்ஸ் ஹால் என்னும் கறுப்பின மனிதரும், அவர்தம் தோழர் பதினால்வரும் 1770களில் இவ்வமைப்பில் சேர்ந்தனர். சேர்த்துக்கொண்டவர் யார்? விடுதலை வீரரா? இல்லை! பிரிட்டிஷ் படையிலிருந்த அயர்லாந்துக்காரரின் மன்றம்! உள்ளூரில் சாசனம் கிடைக்காமல், அவர்கள் கடல் கடந்து இலண்டனுக்கு எழுதினர். 1784இல் சாசனம் எழுதப்பட்டது. கைக்கு வந்தது 1787இல். ஆயினும் அமெரிக்க வெள்ளையர் மன்றங்கள் அவர்களை உடன்பிறந்தாராய் ஏற்கவில்லை. நிலைத்த ஏற்பு முதன்முதல் கிடைத்தது 1989இல், கனெக்டிகட் மாநிலத்தில். சாசனம் எழுதிய நாளிலிருந்து இருநூற்றைந்து ஆண்டுகள்! கோலியின் நிறம் பார்க்கக் கற்றவர்கள் தோலின் நிறத்தையும் பார்த்தார்கள்.

இந்த மண்ணிலும் அதே கதைதான். ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் உம்தத்-உல்-உமாரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் சேர்க்கப்பட்டார். மகுடம் சூடப் போகிறவருக்குக் கதவு தானே திறந்துகொண்டது! பம்பாயின் பார்சி வணிகர் மானக்ஜி கர்செட்ஜிக்கோ உள்ளூர்க் கதவு திறக்கவில்லை; அவர் பாரிஸ் நகரம் சென்று உறுப்பினராகித் திரும்பினார். இந்தியரைச் சேர்ப்பதற்கென்றே பம்பாயில் ஒரு மன்றம் 1843இல் தோன்றியது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்னும் இந்து 1863இல் தட்டிய கதவு 1872இல் திறந்தது. ஒன்பதாண்டுக் காத்திருப்பு! இந்தியாவுக்கெனத் தனித் தலைமை மன்றம் அமைந்ததோ 1961இல்.

"ஒன்றாக அமரவேண்டியவர்கள் மனமொத்திருக்க வேண்டாமா? வலியவன் முன்மொழிந்தவனை எளியவன் எதிர்க்க இரகசிய வாக்குத்தானே காப்பு?" என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். மூன்று கறுப்பு விழுந்தால் விலக்கு என்பது இங்கிலாந்தின் பொதுவிதி. ஒன்றே போதும் என்று கிளை தன் விதியில் எழுதிக்கொள்ளவும் இடமுண்டு. நூறு பேர் விரும்பும் ஒருவனை ஒரே ஒருவன் விலக்கிவிடலாம்! வந்தவன் கயவன் என்று கண்டு போட்ட கோலியும், வந்தவன் பிறப்பு பிடிக்காமல் போட்ட கோலியும் பெட்டிக்குள் ஒரே நிறம். காரணம் கேட்காத முறை, நேர்மையாளனுக்கும் வன்மம் கொண்டவனுக்கும் ஒரே திரையைக் கொடுக்கிறது. எளியவனைக் காக்க வந்த திரை, எளியவனை விலக்கவே பெரிதும் பயன்பட்டது என்பதே வரலாறு தரும் சான்று.

ஐம்பது நண்பர்கள் கூடி விருந்துண்ணும் மன்றத்துக்கு அது போதும் என்றால், போகட்டும். மக்களின் பெயரால் பேசும் அமைப்புக்குப் போதுமா? கிளை நடத்தும் தோழரே, எண்ணிப் பாரும். நம்மிடம் கோலியும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆயினும், "படிவம் தீர்ந்துவிட்டது", "அடுத்த மாதம் வா", "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று சேரியிலிருந்து வந்த இளைஞனிடம் சொல்கிறோமே, அது என்ன நிறக் கோலி?

அவர்களிடமிருந்து நாற்காலியை விட்டிறங்கும் பண்பைக் கற்போம். அந்தப் பெட்டியை அவர்களிடமே விட்டுவிடுவோம். மறுப்பதானால், முகம் காட்டி, காரணம் கூறி, பதில் கேட்டு மறுப்போம். வந்தவன் எவ்வாறு வரவேற்கப்பட்டான் என்பதை வாசற்படி சொல்லும். மேடையில் நாம் பேசும் சமத்துவம் மெய்யா பொய்யா என்பதையும் அதுவே சொல்லும்.