உறங்கிய வேலி

முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புகளிலே பங்குனியும் சித்திரையும் காவற்காலம். செம்மண் நிலத்தில் பழம் பழுத்துக் கொட்டை உதிரும் நாட்களில், குத்தகைக்காரர் கூலி பேசி ஆள் அமர்த்துவார். அந்த ஆள் அசந்து உறங்கி, விடிவதற்குள் ஒரு மூட்டைக் கொட்டை களவு போனால் என்ன நடக்கும்? கூலி பிடிக்கப்படும், வேலையும் போகும். "எல்லா மரத்தடியிலும் நான் ஒருவனே நிற்க முடியுமா?" என்று அவன் கேட்டால், "இதற்காகத்தானே உன்னை வைத்தோம்!" என்று விடை வரும். யாரும் அதை அநீதி என்று சொல்வதில்லை.

தோப்பைத் தாண்டினால் நெய்வேலி. மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி நாட்டின் செல்வம். அதைக் காக்க மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை நிற்கிறது. நிற்கட்டும், வேண்டாமென்போர் யார்? கொட்டைக்குக் காவல் உண்டு. கரிக்குக் காவல் உண்டு. காவல் தவறினால் கேட்பாரும் உண்டு. நம் கேள்வி ஒன்றே ஒன்று: மனித உயிருக்கு? உயிரைக் காக்கச் சம்பளம் வாங்குவோர் உறங்கிவிட்டால், அல்லது உறங்குவதுபோல் நடித்துவிட்டால், கணக்குக் கேட்பவர் யார்? கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

இதே கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்கு மேற்கே விருத்தாசலம் வட்டாரத்தில், புதுக்கூரைப்பேட்டை என்றோர் ஊர். முருகேசன் அவ்வூர் இளைஞன், பொறியியல் படித்தவன், தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்தவன். கண்ணகி அதே ஊர்ப் பெண், பட்டம் பெற்றவள், பிற்படுத்தப்பட்ட வன்னியர் குடும்பத்து மகள். இருவரும் விரும்பினர். 2003ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். அரசாங்கத்தின் ஏட்டிலே, அரசாங்கத்தின் முத்திரையோடு நடந்த திருமணம்! அந்த முத்திரைக்கு இரண்டு மாதம்தான் ஆயுள். ஜூலை 8ஆம் நாள் காலை, ஊரார் பார்த்திருக்க, இருவர் மூக்கிலும் காதிலும் நஞ்சு ஊற்றப்பட்டது. உடல்கள் எரிக்கப்பட்டன.

கொன்றவரைப் பற்றி நாடு நிறையப் பேசியிருக்கிறது. சாதி வெறிக்கு நாம் புதிதாகச் சூட்ட வேண்டிய பெயர் ஏதுமில்லை. அதற்குப் பின் நடந்ததைத்தான் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும்.

மகனைப் பறிகொடுத்த தந்தை காவல் நிலையத்தின் படியேறினார். வழக்குப் பதியப்படவில்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தி அவரை விரட்டினர். செய்தி வெளியே கசிந்து, நாடு கேட்கத் தொடங்கிய பிறகு, ஜூலை 17ஆம் நாள்தான் காவல்துறையின் பேனா அசைந்தது. அசைந்த பேனா என்ன எழுதிற்று? இரு தரப்பாரும் சேர்ந்தே பிள்ளைகளைக் கொன்றனர் என்று எழுதிற்று! மகனை இழந்தவரையே குற்றவாளி வரிசையில் நிறுத்திற்று! 2004இல் உயர்நீதிமன்ற ஆணையால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் பதின்மூவரைத் தண்டித்தது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, மற்றவர்க்கு ஆயுள். தண்டனை பெற்றோரில் ஒரு காவல் ஆய்வாளரும் ஓர் உதவி ஆய்வாளரும் இருந்தனர். 2022இல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. ஆய்வாளரின் ஆயுள் தண்டனையை இரண்டாண்டாகக் குறைத்தது. உதவி ஆய்வாளரின் ஆயுள் தண்டனையை நிலைநிறுத்தியது. 2025 ஏப்ரல் 28இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்து, முருகேசனின் பெற்றோருக்கு மாநில அரசு 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது.

காவலர் கூண்டிலேறிய அரிய வழக்கு இது, வரவேற்போம். ஆயினும் தோழர்களே, எண்ணிப் பாருங்கள். அவ்விருவரும் தண்டிக்கப்பட்டது எதற்காக? புகாரை ஏற்காமல் கடமையைப் புறக்கணித்ததற்காக. பொய்ச் சான்று புனைந்ததற்காக. கொலைக்குப் பின் செய்த குற்றங்கள் இவை. சாம்பலுக்கு நீதி கிடைத்தது, அதுவும் ஏறத்தாழ 22 ஆண்டுகள் கழித்து. சாம்பலாகுமுன் அந்த இரண்டு உயிர்களையும் காக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்ற கேள்வி, கேட்பாரற்று நிற்கிறது.

சட்டத்தில் அந்தப் பொறுப்பு எழுதப்படவில்லையா? எழுதப்பட்டிருக்கிறது! பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 149ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள புதிய சட்டத்தின் 168ஆம் பிரிவும், கடுங்குற்றம் நிகழாவண்ணம் தன்னால் இயன்ற மட்டும் தடுப்பது காவலரின் கடமை என்கின்றன. கடமை என்று சொல்லியாயிற்று. தவறினால் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன வழி என்று சொல்லவில்லை. தவறினால் கேட்க முடியாத கடமைக்குக் கடமை என்ற பெயர் பொருந்துமா? அது கருணை! கடமையைக் கேட்டுப் பெறலாம். கருணையைக் கெஞ்சித்தான் பெற வேண்டும். குடிமகன் காவல் நிலையத்திலே கைகட்டி நிற்பதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இராசத்தானத்தில் அரசு ஜீப் மோதி ஒருவர் இறந்தார். இழப்பீடு தர அரசு கடமைப்பட்டதே என்று 1962இல் உச்சநீதிமன்றம் சொன்னது. இரண்டே ஆண்டு கழித்து வந்தது மற்றொரு வழக்கு. மீரட் நகரில் 1947இல் காவலர் ஒரு வணிகரைப் பிடித்து, அவரிடமிருந்த தங்கத்தைக் கைப்பற்றி நிலையத்தில் வைத்தனர். காவலுக்கிருந்த தலைமைக் காவலரே அதைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வணிகர் அரசிடம் கேட்டார். "காவல் என்பது இறையாண்மைப் பணி, அதற்கு அரசு ஈடு தர வேண்டியதில்லை" என்பதே தீர்ப்பின் சாரம்! ஓட்டுநர் தவறினால் அரசு பொறுப்பு. காவலர் தவறினால் அரசு பொறுப்பல்ல! நம் ஊரிலே விபத்து இழப்பீடு தராத அரசுப் பேருந்தை நீதிமன்ற அமீனா வந்து ஜப்தி செய்வதைப் பார்த்திருக்கிறோம். காவல் நிலையத்து ஜீப்பை ஜப்தி செய்யக் கண்டவர் உண்டா?

1993இல், ஒரிசாவில் காவலில் இறந்த இளைஞனின் தாய் எழுதிய கடிதத்தை வழக்காக ஏற்று, அடிப்படை உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் இறையாண்மைத் திரை செல்லாது என்று உச்சநீதிமன்றம் அறைந்து சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது அடித்துக் கொன்றதற்கான ஈடு. அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு?

இந்த இருள் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில், 1999இல் ஒரு தாய். பிரிந்த கணவனிடமிருந்து பாதுகாக்கும் நீதிமன்ற ஆணை அவள் கையில் இருந்தது. அவன் மூன்று பெண் குழந்தைகளைத் தூக்கிச் சென்றான். இரவெல்லாம் காவல்துறையை மன்றாடினாள், எவரும் அசையவில்லை. விடியுமுன் மூன்று குழந்தைகளும் பிணமாயினர். 2005இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், காவலர் அந்த ஆணையைச் செயற்படுத்தியே தீர வேண்டுமென்று கேட்க அரசியலமைப்பு அவளுக்கு உரிமை தரவில்லை என்றது! கையிலே ஆணை, ஆணையிலே முத்திரை, முத்திரையிலே உயிரில்லை. புதுக்கூரைப்பேட்டைத் திருமணப் பதிவேடு நினைவுக்கு வருகிறதல்லவா?

"காவலர் எல்லா இடத்திலும் இருக்க முடியுமா? எதற்கெடுத்தாலும் பொறுப்பாக்கினால் அவர்கள் மனம் தளராதா?" என்று கேட்போர் உண்டு. நேர்மையான ஐயம், நேர்மையாகவே விடை சொல்வோம். எங்கும் இருக்கச் சொல்லவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998இல் ஓர் அளவுகோல் வகுத்தது: குறிப்பிட்ட ஒருவர் உயிருக்கு உண்மையான, உடனடியான ஆபத்து இருப்பது காவல்துறைக்குத் தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்தும், இயன்றதைச் செய்யாது விட்டதா? வழக்குத் தொடுத்த குடும்பம் அந்த அளவுகோலில் தேறவில்லை. அவ்வளவு கடினமான அளவுகோல் அது! அதைக் கண்டு நேர்மையான காவலர் ஏன் அஞ்ச வேண்டும்? மருத்துவரும் ஓட்டுநரும் பொறுப்பைச் சுமந்துகொண்டே பணியாற்றவில்லையா? பொறுப்பு வந்தால் தளரும் மனம், காவலுக்கு ஏற்ற மனமன்று.

வழி பாதி திறந்திருக்கிறது. 2013இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த ஆயம், கடுங்குற்றம் பற்றிய புகாரைப் பதிந்தே தீர வேண்டுமென்றது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம், காதல் மணம் புரிந்தோர்க்கு ஆபத்தென்று முன்கூட்டித் தெரிந்தும் தடுக்காத அதிகாரியின் செயலை வேண்டுமென்றே செய்த கடமைத் தவறாகக் கொண்டு துறை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையைப் புறக்கணிக்கும் அலுவலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. ஆனால் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்வாக விசாரணையின் பரிந்துரை வந்தால்தான் அவர்மீது குற்றச்சாட்டு என்று கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டுவிட்டது. சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஆபத்தென்று முறையிட்டவர்க்கு, நாளும் மணியும் குறித்த ஒப்புகை அங்கேயே கிடைக்க வேண்டும். அறிந்தும் காக்காது விட்ட இடத்தில் அரசு இழப்பீடு தந்து, அதில் ஒரு பகுதியைத் தவறிய அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும். விசாரணை அத்துறைக்கு வெளியே நடக்க வேண்டும். ஆணவக் கொலைகளுக்கெதிராகச் சட்டம் வகுக்க ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. கொல்பவனுக்கு மட்டும் தண்டனை எழுதி, உறங்குபவனை விட்டுவிட்டால் அந்தச் சட்டமும் அரைச் சட்டமே.

சட்டம் வரும்வரை இளைஞனே, நீ சும்மா இராதே! மணம் புரிந்த இணையர் காவல் நிலையம் செல்லும்போது, அவர்களைத் தனியே அனுப்பாதே, உடன் செல். மனுவை எழுத்தில் கொடு. ஏற்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவஞ்சலில் அனுப்பு. சட்டம் தந்த உரிமை அது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசின்றிக் கேட்டு வாங்கு. "எங்களுக்குத் தெரியாது" என்று நாளை எவரும் சொல்லாதபடி, இன்றே தெரியப்படுத்து.

பயிரை மேய்ந்த வேலியைப் பற்றி நம் முன்னோர் பழமொழி சொல்லிச் சென்றனர். பயிரை ஆடு மேயும்போது உறங்கிய வேலியைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை. அதை நாம் சொல்வோம். முந்திரித் தோப்புக் காவலாளிக்கு உள்ள பொறுப்பு, முத்திரை குத்திய தொப்பிக்கும் வேண்டும். கொட்டையை விடவா மலிந்துவிட்டது மனித உயிர்?