மருத்துவ நூலகத்தில் தமிழ் எங்கே?

அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பயின்ற உழவர் மகளொருத்தி, மருத்துவக் கல்லூரி நூலகத்துள் முதன்முறையாக நுழைகின்றாள். நெஞ்சாங்குலையின் நான்கு அறைகளையும், குருதி ஓடும் நெறியையும், சிறுநீரகம் கழிவை வடித்தெடுக்கும் வகையையும் மேனிலை வகுப்பிலேயே ஐயந்திரிபறக் கற்றவள் அவள். அடுக்குகளில் எண்கள் ஒளிர்கின்றன. 611 உடற்கூற்றியல், 612 உடலியங்கியல், 616 நோயியல். நூலொன்றை எடுத்து விரிக்கின்றாள். அவள் அறிந்த பொருளே அங்குள்ளது. ஆனால் அறிந்த சொல் ஒன்றேனும் இல்லை. நேற்றுவரை அறிவுடையவளாய் இருந்தவள், ஒரு பக்கத்தைப் புரட்டியதும் அறியாதவள் ஆக்கப்படுகின்றாள்! இஃது அவள் குறையா? நூலகத்தின் குறையா?

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கும் சட்டம் 2020-இல் தமிழகத்தில் இயற்றப்பெற்றது. வரவேற்கத்தக்க சட்டமே. ஆயின், கல்லூரி வாயிலைத் திறந்துவிட்டு நூலகத்தின் வாயிலை அடைத்து வைத்தல் என்ன முறை? நூல் புரியாத மாணவர் வினாவிடைச் சுருக்கங்களை வாங்கி நெட்டுருச் செய்கின்றனர். நூலகம் அவர்க்கு மின்விசிறியடியில் அமரும் கூடமாய்ச் சுருங்கிப் போகின்றது. நெட்டுருவால் தேர்வை வெல்லலாம், நோயை வெல்லலாகுமோ?

சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் 1924-இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து நெறிகளை வகுத்தார். படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது அவற்றுள் இரண்டாவது. உலகே போற்றும் அந்நெறி பிறந்த மண்ணில், தமிழ்வழி வந்த மருத்துவ மாணவிக்கு உரிய நூல் எந்த அடுக்கில் உள்ளது?

“மருத்துவத்தைத் தமிழிற் சொல்லவியலாது, கலைச்சொல் இல்லை” என்பர் ஆங்கிலப் பற்றாளர். வெட்கக்கேடு! 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அவர்தம் ‘இரண வைத்தியம்’ 1867-இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும் அச்சேறின. அவற்றில் வடசொற்கலப்பு மிகுதியே. அதனைக் களைந்து தூய சொற்களை ஆக்குவது பின்வந்தோர் கடன். கடல் கடந்து வந்த அயலார் ஒருவர் செய்து காட்டியதை, இம்மண்ணிற் பிறந்தோர் இயலாதென்பது எத்துணை இழிவு!

சப்பானில் சுகிதா கென்பக்கு முதலிய மருத்துவர்கள், ஒல்லாந்த உடற்கூற்று நூலைப் பெருமுயற்சியுடன் மொழிபெயர்த்து 1774-இல் வெளியிட்டனர். சொல் இல்லாத இடத்துச் சொல் படைத்தனர். நரம்புக்கு இன்று சப்பானியர் வழங்கும் சொல் அந்நூலில் ஆக்கப்பெற்றதே. 1918-இல் தோன்றிய உசுமானியப் பல்கலைக்கழகம் உருதுமொழியில் மருத்துவமும் கற்பித்தது. உருதுவால் இயன்றது தமிழால் இயலாதா?

தமிழ்நாடு பாடநூல் கழகம் 2023-இல் ஆங்கில மருத்துவ நூல்கள் சிலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் விழாமேடையில் வெளியிட்டு நிறுத்திவிட்டால் பயனில்லை. அந்நூல்கள் மாணவர் கையில் தவழ்தல் வேண்டும்.

ஆங்கில நூல்களை எரிக்குமாறு எவரும் கூறவில்லை. அவையும் இருக்கட்டும்; மாணவர் அவற்றையும் கற்கட்டும். ஆனால் ஒவ்வோர் ஆங்கில நூலின் அருகிலும் அதன் தமிழ்நூல் நிற்றல் வேண்டும். நூற்பட்டியில் தமிழ்ச்சொல்லைக் கொண்டு தேடினும் நூல் கிடைத்தல் வேண்டும். இருமொழிக் கலைச்சொல் அகரமுதலி ஒவ்வொரு படிப்பு மேசையிலும் இருத்தல் வேண்டும். புதிய மாணவர்க்கு நூலகத்தைப் பயன்படுத்தும் முறை தமிழில் கற்பிக்கப்பெறல் வேண்டும்.

நாளை அம்மாணவி மருத்துவராவாள். “அடிவயிற்றில் சுருக்கென்று குத்துகிறது அம்மா” என ஒரு தாய் அவள்முன் வந்து நிற்பாள். நோயாளி தமிழில் நோகின்றாள்; மருத்துவர் மட்டும் ஆங்கிலத்தில் ஏன் எண்ணவேண்டும்? நோய் பேசும் மொழியை நூலும் பேசட்டும். தமிழ் மாணவர்களே! நூலக வாயிலில் நின்று கேளுங்கள்: தமிழ் நூல் எங்கே?