அச்சுப்பிழையில் பிறந்த பெயர்

பெண் குழந்தைக்குப் பெயரிட, நட்சத்திரத்துக்கேற்ற முதலெழுத்தைக் கேட்டு ஜோசியரிடம் தக்ஷிணையோடு ஓடும் தோழர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். இங்கிலாந்தில் "இமோஜென்" என்று ஒரு பெண் பெயர் உண்டு. ஷேக்ஸ்பியரின் "சிம்பலைன்" நாடகத்துக் கதாநாயகியின் பெயர் அது. அவர் இறந்து ஏழு வருஷங் கழித்து, 1623ல்தான் அந்நாடகம் அச்சேறிற்று. கையெழுத்தில் ஆங்கில "என்" இரண்டு சேர்ந்தால் "எம்" போலத் தோன்றுமல்லவா? அப்படித்தான் "இன்னோஜென்" "இமோஜென்" ஆகிவிட்டது என்பது அறிஞர் பலரின் முடிவு. அந்தப் பிழையைத்தான் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் பெயராகத் தாங்கி, ஒரு குறையுமின்றி வாழ்கிறார்கள்!

1611லேயே நாடகத்தைப் பார்த்து "இன்னோஜென்" என்று சரியாகக் குறித்து வைத்த சைமன் போர்மன் என்பவர் யார் தெரியுமா? பேர்போன ஜோசியர்! பெயர் மாறப்போவது மட்டும் அவர் கட்டத்தில் தெரியவில்லை போலும்.